ஊசியில என்ன இருந்துச்சு? வளைகுடாப் போர் வீரர்களுக்கு வந்த நோயின் கதை (நீண்ட இழை)

1/
"தடுப்பூசியில அலுமினியம் கலக்குறாங்களாமே டாக்டர்? அமெரிக்காவுல ராணுவ வீரர்களுக்கே அதைப் போட்டு ஆயுசுக்கும் நோயாளி ஆக்கிட்டாங்களாமே?"

வாட்ஸப்ல வந்த வீடியோவைக் காட்டி ஓ.பி.யில இப்படிக் கேட்கிறவங்க உண்டு. "அதெல்லாம் பொய், நம்பாதீங்க"ன்னு ஒரே வரியில அனுப்பிடலாம். ஆனா அந்த வீடியோவுல பாதி உண்மை. வீரர்களுக்கு நோய் வந்தது நிஜம். அதனால முழுக் கதையையும் சொல்லிடறேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

2/
இதுல ரெண்டு கதை இருக்கு. ரெண்டும் அமெரிக்க ராணுவத்துல நடந்தது. 1942ல தடுப்பூசியில சேர்த்த ஒரு பொருளால வீரர்களுக்கு நிஜமாவே நோய் வந்துச்சு. சில மாசத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்திட்டாங்க. 1991ல தடுப்பூசி மேல பழி விழுந்துச்சு. 30 வருஷம் தாண்டியும் வாக்குவாதம் முழுசா ஓயல.

ஏன் இந்த வித்தியாசம்? அதைத்தான் பார்க்கப் போறோம்.

3/
முதல்ல 1942. இரண்டாம் உலகப் போர். வெப்பமண்டல நாடுகளுக்குப் போற வீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் வந்துடக் கூடாதுன்னு தடுப்பூசி போட்டாங்க. தயாரிச்சது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. மேக்ஸ் தீலர் உருவாக்கிய 17டி என்கிற அருமையான தடுப்பூசி அது. இதுக்காக அவருக்கு 1951ல நோபல் பரிசு கிடைச்சது. இன்னைக்கும் ஆப்பிரிக்கா போறவங்களுக்குப் போடுறது அதோட வாரிசுதான்.

4/
கிருமியில குறை இல்ல. ஊசிக்குள்ள இருக்கிற வைரஸ் கெட்டுப்போகாம நிலையா இருக்கணும்னு மனித ரத்தத்தோட சீரம் சேர்த்தாங்க. வம்பு அங்கேதான் ஆரம்பிச்சது. சீரம் கொடுத்தவங்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மாணவர்கள், செவிலியர்கள் போன்ற தன்னார்வலர்கள். அவங்கள்ல சிலர் ரத்தத்துல, அப்போ யாருக்கும் பேர்கூடத் தெரியாத ஒரு வைரஸ் இருந்துச்சு. இன்னைக்கு நாம அதை ஹெபடைடிஸ் பி-ன்னு சொல்றோம்.

5/
ஊசி போட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வீரர்கள் கண்ணு மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் மட்டும் சுமார் 50,000 பேருக்கு மஞ்சள் காமாலை. 60க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க.

இதுக்கு முன்னாடியே எச்சரிக்கை இருந்துச்சு. 1937லயே பிரிட்டன்ல ஃபின்ட்லே, மெக்கல்லம்னு ரெண்டு பேர் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அப்புறம் காமாலை வர்றதை எழுதியிருந்தாங்க. பிரேசில்லயும் அதே அனுபவம் கிடைச்சு, அங்கே சீரம் சேர்க்கிறதையே விட்டுட்டாங்க. அமெரிக்காவுல அதைப் பெருசா எடுத்துக்கல.

6/
ஆனா நோய் வந்த பிறகு வேலை வேகமா நடந்துச்சு. எந்தப் படைப்பிரிவுக்கு எந்தத் தொகுதிக் குப்பி போச்சுன்னு பதிவேட்டுல இருந்துச்சு. எடுத்துப் பார்த்தா, காமாலை எல்லாருக்கும் பரவலா வரல. குறிப்பிட்ட சில பேட்ச் போட்ட இடங்கள்ல குவிஞ்சு கிடந்துச்சு. ஏப்ரல் 1942ல அந்த ஊசியை நிறுத்திட்டாங்க. சீரம் இல்லாத தடுப்பூசி வந்துச்சு. காமாலை அடங்கிடுச்சு.

வைரஸ் என்னன்னே தெரியாத காலம். அதை பிளம்பெர்க் கண்டுபிடிச்சது 1960களில்தான். காரணக் கிருமி கண்ணுல படாமலேயே, பேட்ச் எண்ணை வச்சுக் குற்றவாளிப் பொருளைப் பிடிச்சிட்டாங்க!

7/
அதோட முடியல. 1985ல, அதாவது 43 வருஷம் கழிச்சு, அந்தப் பழைய வீரர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தாங்க. முடிவு 1987ல வந்துச்சு. அந்த ஊசி போட்டு அப்போ காமாலை வந்தவங்கள்ல ஏறக்குறைய 98 சதவீதம் பேர் ரத்தத்துல ஹெபடைடிஸ் பி-யின் தடயம். அதே ஊசி போட்டும் காமாலையே தெரியாதவங்கள்ல 76 சதவீதம். சீரம் இல்லாத ஊசி போட்டவங்கள்ல 13 சதவீதம்தான். மொத்தம் சுமார் 3,30,000 பேருக்குத் தொற்று போயிருக்கும்னு கணக்குப் போட்டாங்க.

யாருக்கு என்ன ஊசின்னு எழுதி வச்சிருந்ததால 43 வருஷம் கழிச்சும் பதில் கிடைச்சது. இதை மனசுல வச்சுக்கோங்க.

8/
இப்போ ரெண்டாவது கதை. 1990 ஆகஸ்ட் 2. சதாம் உசேனின் படை குவைத்துக்குள்ள நுழையுது. அங்கே வேலை பார்த்த நம்ம ஊர்க்காரங்க கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஊர் திரும்பினது பல வீடுகள்ல இன்னும் பேசுற கதை. 1991 ஜனவரி 17ல அமெரிக்கக் கூட்டுப்படை தாக்குதல் ஆரம்பிச்சது. பிப்ரவரி 28ல சண்டை நின்னுடுச்சு. ஆறே வாரம்.

9/
சுமார் 7 லட்சம் அமெரிக்கர்கள் போனாங்க. பிரிட்டன்ல இருந்து 50,000க்கும் மேல. சண்டையில இறந்தவங்க எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. வெற்றி ஊர்வலம் எல்லாம் நடந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா வந்தாங்க. தீராத அசதி. மூட்டு, தசை வலி. மறதி, கவனம் நிக்கல. தூக்கம் இல்ல. தலைவலி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு. எல்லாம் இருபது, முப்பது வயசு ஆளுங்க. டெஸ்ட் எடுத்தா எல்லாமே நார்மல்.

10/
டெஸ்ட் நார்மல்னா என்ன சொல்வோம்? "உங்களுக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் காரணம்." அவங்களுக்கும் அதேதான் சொன்னாங்க. போர்னா மன அழுத்தம் இருக்காதா? அதுதான் இப்படி வெளிய வருதுன்னு வருஷக்கணக்கா ஒரே பதில்.

சரி, எண்ணிக்கை என்ன சொல்லுது? 1998ல விமானப்படையினரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அசதி, உடல்வலி, மனநிலை அல்லது நினைவாற்றல் பிரச்சினை, இந்த மூணுல ரெண்டு ஆறு மாசத்துக்கு மேல இருந்தா நோய்னு வரையறை. போருக்குப் போனவங்கள்ல 45 சதவீதம், போகாதவங்கள்ல 15 சதவீதம். அதே வேலை, அதே சம்பளம், அதே சீருடை. போனவங்களுக்கு மூணு மடங்கு. இது வெறும் பிரமை இல்ல.

11/
அப்போ அங்கே அவங்களுக்கு என்னதான் ஆச்சு? பட்டியல் பெருசு. 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிஞ்ச புகை. யுரேனியக் குண்டுத் தூசி. மணல் ஈ, கொசுவுக்குத் தெளிச்ச பூச்சிமருந்து. சில வீரர்கள் நாய்க்குக் கட்டுற உண்ணிப் பட்டையைத் தாங்களே கட்டிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு மாத்திரை. அதுக்குப் பிறகு வர்றேன். இதுக்கெல்லாம் மேல, ஊசிகள்.

12/
சதாம் கிட்ட உயிரியல் ஆயுதம் இருக்கும்னு பயம். அதுல முதல் இடம் ஆந்த்ராக்ஸுக்கு. நம்ம ஊர்ல மாட்டுக்கு வர்ற அடைப்பான் நோய், அதே கிருமிதான். அதோட விதைத்துகளைக் காத்துல தூவி மனுஷன் சுவாசிச்சா உயிர் பிழைக்கிறது கஷ்டம்.

அதுக்கு அமெரிக்காவுல 1970லயே உரிமம் வாங்கின தடுப்பூசி இருந்துச்சு. ஆட்டு ரோமம், தோல் பதனிடும் வேலை செய்றவங்களுக்கும் ஆய்வக ஊழியர்களுக்கும் போட்டது. ஆறு டோஸ், 18 மாசம். போர்க்களத்துல அவ்வளவு நேரம் ஏது? சுமார் 1,50,000 பேருக்கு ஒண்ணோ ரெண்டோ டோஸ் போட்டாங்க. சுமார் 8,000 பேருக்கு பொட்டுலினம் நச்சுக்கு எதிரான ஊசியும் போச்சு.

13/
இங்கேதான் பெரிய தப்பு நடந்துச்சு. எந்த நோய்க்கு ஊசி போடுறோம்னு எதிரிக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு ரகசியம் காத்தாங்க. பல வீரர்களோட அட்டையில எழுதவே இல்ல. சிலர் அட்டையில "வேக்-ஏ"ன்னு சங்கேதமா ஒரு வார்த்தை மட்டும். பேட்ச் எண் கேட்கவே வேண்டாம்.

1942ல குற்றவாளியைக் காட்டிக் கொடுத்த அதே தகவல், 1991ல எழுதப்படாமலே போச்சு.

14/
பிரிட்டன்ல இன்னும் ஒரு படி மேல. அவங்க ஆந்த்ராக்ஸ் ஊசி வேலை செய்ய மாசக்கணக்காகும். சீக்கிரம் எதிர்ப்பு சக்தி வரணும்னு கூடவே கக்குவான் இருமல் தடுப்பூசியையும் சேர்த்துப் போட்டாங்க. இந்த ரெண்டையும் சேர்த்துப் போட்ட எலிகள் எடை குறைஞ்சு வாடுறதை அங்கிருந்த தரப்பரிசோதனை நிறுவனம் பார்த்துத் தகவலும் அனுப்பியிருந்துச்சு. திட்டம் நிக்கல.

இதெல்லாம் வெளிய வர வருஷங்கள் ஆச்சு. மறைச்சு வச்ச விஷயம் வெளிய வந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? "இதை மறைச்சவங்க வேற எதை மறைச்சாங்களோ?" நியாயமான கேள்விதானே?

15/
சந்தேகம் 1: அலுமினியம்.
தடுப்பூசியில இது எதுக்கு? உடம்போட பாதுகாப்புப் படையைத் தட்டி எழுப்புறதுக்கு. 1926ல கிளென்னி கண்டுபிடிச்ச வழி, அப்போ இருந்து கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டாச்சு. நம்ம பெண்டாவேலண்ட் ஊசியிலயும் உண்டு.

2007ல கனடாவுல கிறிஸ்டோபர் ஷா குழு, எலிகளுக்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு ஊசி போட்டதுல நரம்பு செல்கள் செத்துப்போனதா எழுதினாங்க. உங்களுக்கு வர்ற வீடியோவோட ஆதாரம் பெரும்பாலும் இதுதான்.

16/
எலி ஆய்வு ஒரு துப்பு. தீர்ப்பு இல்ல. மனுஷங்க கிட்ட பார்க்கணும். அதுக்கு ஒரு பெரிய வாய்ப்பு தானாவே வந்துச்சு. 1998ல இருந்து அமெரிக்க ராணுவம் அதே ஆந்த்ராக்ஸ் ஊசியை, அதே அலுமினியத்தோட, கட்டாயமா போட ஆரம்பிச்சது. பல லட்சம் பேர். இந்த முறை பதிவேடும் இருந்துச்சு. கை வீக்கம், வலி, காய்ச்சல் நிறைய. அரிதா கடும் ஒவ்வாமையும். ஆனா 1991 வீரர்கள்ல நாலுல ஒருத்தருக்கு வந்த மாதிரியான நோய் இந்தக் கூட்டத்துல வரல. அலுமினியம்தான் காரணம்னா இவங்களுக்கும் வந்திருக்கணும் இல்லையா?

17/
சந்தேகம் 2: ஸ்குவாலின்.
சுறா ஈரல் எண்ணெயில இருக்கிற கொழுப்புப் பொருள். ஆலிவ் எண்ணெயிலயும் இருக்கு. உங்க உடம்புலயும் இருக்கு! கொலஸ்ட்ரால் தயாராகிற வழியில ஒரு படி அது. தோல்ல எண்ணெய்ப் பசை இருக்கே, அதுலயும் உண்டு.

2000ல டுலேன் பல்கலைக்கழகம் சார்ந்த குழு ஒண்ணு, நோயுற்ற வளைகுடா வீரர்கள்ல 95 சதவீதம் பேர் ரத்தத்துல ஸ்குவாலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கு, நலமா இருக்கிற வீரர்கள் கிட்ட இல்லன்னு எழுதுச்சு. "அரசாங்கம் ரகசியமா ஸ்குவாலின் கலந்து வீரர்கள் மேல சோதனை பண்ணிடுச்சு"ன்னு பத்திரிகை, புத்தகம் எல்லாம் வந்துச்சு.

18/
ராணுவம் "எங்க ஊசியில ஸ்குவாலினே இல்ல"ன்னுச்சு. 1999ல உணவு மருந்து நிர்வாகம் பரிசோதிச்சப்போ, பிந்தைய கட்டாயத் திட்டத்துக்கான சில பேட்ச்கள்ல இருந்துச்சு. நூறு கோடி பங்குல 10 முதல் 83 பங்கு வரை. நம்ம ரத்தத்துல இயல்பாவே ஓடுறதைவிடக் குறைவு. மருத்துவமா பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஆனா "இல்லவே இல்ல"ன்னு சொன்னதுக்கு அப்புறம் துளி கிடைச்சாலும் நம்பிக்கை போச்சுல்ல?

19/
பிறகு வேற ஆய்வகங்கள் நல்ல கருவிகளோட பார்த்தாங்க. எந்த ஆந்த்ராக்ஸ் ஊசியும் போடாத சாதாரண ஜனங்க கிட்டயும் ஸ்குவாலின் ஆன்டிபாடி இருக்கு. வயசு ஏற ஏற அதிகமாகுது. 2009ல கடற்படைக் கட்டுமானப் பிரிவு வீரர்கள் 500 பேருக்கு மேல பரிசோதிச்சதுல, நோய் உள்ளவங்க, இல்லாதவங்க ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல. இத்தாலியில 1997ல இருந்தே ஸ்குவாலின் வேணும்னே சேர்த்த ஃப்ளூ ஊசியை முதியவங்களுக்குப் போடுறாங்க, அதுவும் மில்லிகிராம் கணக்குல. அங்கே இந்த நோய் இல்ல. சந்தேகம் 2 விழுந்துடுச்சு.

20/
சந்தேகம் 3: ஒரே நேரத்துல நிறைய ஊசிகள்.
இதை நான் அவ்வளவு லேசா ஒதுக்க மாட்டேன். 2000ல லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு, ஊசி அட்டையைப் பத்திரமா வச்சிருந்த பிரிட்டிஷ் வீரர்களை மட்டும் எடுத்துப் பார்த்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி ஊரிலேயே நிறைய ஊசி போட்டவங்களுக்கு இந்த நோயோட தொடர்பு தெரியல. போர்க்களத்துக்குப் போன பிறகு நிறைய ஊசி போட்டவங்களுக்குத் தெரிஞ்சது.

ஊசியில இருந்த பொருள்தான் காரணம்னா, ஊர்ல போட்டா என்ன, பாலைவனத்துல போட்டா என்ன? அங்கே வேற ஏதோ சேர்ந்திருக்கணும்.

21/
அதே வருஷம் அமெரிக்காவுல கான்சாஸ் மாநில ஆய்வு. போருக்குப் போனவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு நோய். போருக்கே போகாம, ஆனா அந்தச் சமயத்துல ஊசி போட்டதா சொன்னவங்கள்ல 12 சதவீதம். போகவும் இல்ல, ஊசியும் போடலன்னவங்கள்ல 4 சதவீதம்.

12-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளியை மறைக்கக் கூடாது. அதே சமயம் "ஊசி போட்டேன்"கிறது அவங்க நினைவுல இருந்து சொன்னது. உடம்பு முடியாதவங்க பழசை அதிகமா தோண்டித் தோண்டி யோசிப்பாங்க. அது உண்மையான தொடர்பா, நினைவோட விளையாட்டான்னு பிரிச்சுப் பார்க்க அட்டை வேணும். அட்டைதான் இல்லையே! பிரிட்டிஷ் ஆய்வுலயும் அட்டை வச்சிருந்தவங்க மூணுல ஒரு பங்குகூட இல்ல.

22/
சரி, பாலைவனத்துல சேர்ந்த அந்த "வேற ஏதோ" என்ன? மாத்திரைக்கு வர்றேன்னு சொன்னேனே. பைரிடோஸ்டிக்மின். எங்க வார்டுல மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற தசைத் தளர்ச்சி நோய்க்குக் கொடுக்கிற பழைய மருந்து. நரம்பு நச்சு வாயு வந்தா உயிர் காக்கும்னு 30 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒரு தடவை. சுமார் 2,50,000 பேர் சாப்பிட்டாங்க. இந்த உபயோகத்துக்கு அப்போ அனுமதி கிடையாது. அதனால வீரர்கள் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம்னு 1990 டிசம்பர்ல தனி விதி போட்டாங்க.

23/
இது எப்படி வேலை செய்யுது? நரம்பு தசைக்கு உத்தரவு போட அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனத்தை விடும். வேலை முடிஞ்சதும் அதைத் துடைச்சு எடுக்க ஒரு என்சைம். பைரிடோஸ்டிக்மின் அந்த என்சைமைத் தற்காலிகமா பிடிச்சு வைக்கும். பூச்சிமருந்துகள்ல பலதும் அதே என்சைமைத்தான் தாக்கும். சாரின் என்கிற நச்சு வாயுவும் அதையேதான். ஒரே இடத்துல மூணு அடி.

24/
தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் இதை விளக்கத் தேவையில்ல. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சேறி வர்றவங்க: வாயில நுரை, ஊசிமுனை மாதிரி கண்பாப்பா, வேர்வை. அட்ரோபின் போட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்போம். தேறிட்டாங்கன்னு நினைக்கிறப்போ, ஓரிரு நாள் கழிச்சுத் திடீர்னு கழுத்தைத் தூக்க முடியாது, மூச்சு நிக்கும். இந்த இடைநிலைத் தளர்ச்சியை 1987ல உலகத்துக்கு எழுதினவங்க இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்க, கரல்லியத்த. இந்த விஷத்துக்கு முதல் நாளோட முடியாத பின்விளைவு உண்டுன்னு நம்ம பக்கத்து அனுபவமே சொல்லுது.

25/
அங்கே சாரின் வந்துச்சா? "இல்ல"ன்னு வருஷக்கணக்கா சொன்னாங்க. 1996ல ஒத்துக்கிட்டாங்க. 1991 மார்ச்ல ஈராக்கின் கமிசியா என்ற ஆயுதக் கிடங்கை அமெரிக்க வீரர்களே வெடி வச்சுத் தகர்த்தப்போ, உள்ளே சாரின் நிரப்பின ராக்கெட்டுகள் இருந்திருக்கு. காத்து போன திசையில இருந்த சுமார் ஒரு லட்சம் பேருக்கு "உங்க மேல பட்டிருக்கலாம்"னு கடிதம் போச்சு.

26/
2008ல அமெரிக்க அரசே அமைச்ச ஆய்வு ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்துச்சு. நாலுல ஒரு வீரருக்கு நிஜமான நோய் இருக்கு. பைரிடோஸ்டிக்மினும் பூச்சிமருந்தும் காரணம்னு சொல்ல ஆதாரம் இருக்கு. ஆந்த்ராக்ஸ் ஊசி பெரும்பாலானவங்களுக்குக் காரணமா இருக்க வாய்ப்பில்ல. பல ஊசிகளை ஒண்ணா போட்டதுல பங்கு இருக்கலாம்கிறதை முழுசா தள்ளிட முடியல.

அந்த அறிக்கை வந்தப்போ போர் முடிஞ்சு 17 வருஷம் ஆகியிருந்துச்சு.

27/
2022ல ராபர்ட் ஹேலி குழு மரபணுவைப் பார்த்துச்சு. சாரினை உடைக்கிற பி.ஓ.என்-1 என்சைம் சிலருக்கு வலுவா இருக்கும், சிலருக்கு பலவீனமா. ஆயிரத்துச் சொச்சம் வீரர்கள், பாதி நோயாளி, பாதி நலம். நச்சு வாயு எச்சரிக்கை மணி கேட்டவங்களுக்கு நோய் வாய்ப்பு அதிகம். அதுலயும் வலுவான வகை உள்ளவங்களுக்கு 4 மடங்குக்குள்ள, பலவீனமான வகை உள்ளவங்களுக்கு ஏறக்குறைய 9 மடங்கு. மணி கேட்டதும் நினைவுல இருந்து சொன்னதுதான், ஆனா தன் மரபணு எதுன்னு தெரிஞ்சு யாரும் நினைவை மாத்திச் சொல்ல முடியாது. அதனாலதான் இந்த ஆய்வுக்கு எடை அதிகம்.

28/
இப்போ முதல் கேள்விக்குப் பதில். 1991 வீரர்களோட நோய்க்கு ஊசியில இருந்த அலுமினியமோ ஸ்குவாலினோ காரணம்னு காட்ட நல்ல ஆதாரம் இல்ல. எதிர்ப்பக்கம் ஆதாரம் நிறைய இருக்கு. ஆனா "அப்போ நோயே பொய்"னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க. அவங்க உடம்புல நஞ்சு பட்டிருக்கு. பழி தப்பான இடத்துல விழுந்ததால சரியான இடத்தைத் தேடுறது தள்ளிப்போச்சு. அந்தக் காலத்துல இருபத்தஞ்சு வயசு இருந்தவங்களுக்கு இப்போ அறுபது ஆகுது. பலர் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாங்க.

29/
"தடுப்பூசியில சேர்க்கிற எதுவும் ஒருபோதும் தப்பாகாது"ன்னும் நான் சொல்ல மாட்டேன். 1942ல தப்பாச்சு. எழுதி வச்சிருந்ததால மாட்டிக்கிச்சு. 1991ல ஊசி நிரபராதியா இருந்தாலும், எழுதாம விட்டதால அதை நிரூபிக்க முப்பது வருஷம் ஆச்சு. பதிவேடு குற்றவாளியைப் பிடிக்கவும் வேணும், நிரபராதியை விடுவிக்கவும் வேணும்.

30/
அதனால நீங்க செய்ய வேண்டியது:

குழந்தையோட தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போடாதீங்க. பெரியவனான பிறகும் வச்சிருங்க.

ஊசி போட்டதும் எந்த ஊசி, எந்தத் தேதின்னு அட்டையில ஏறிடுச்சான்னு பாருங்க. பேட்ச் எண் பதிவாச்சான்னு செவிலியரைக் கேளுங்க, தயங்க வேண்டாம்.

போட்டபிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்க.

வீட்டுக்குப் போய் ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா வாட்ஸப்ல போடுறதுக்கு முன்னாடி சுகாதார நிலையத்துல சொல்லுங்க. அங்கே சொன்னா அது பதிவாகும், விசாரணைக்குப் போகும்.

31/
சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா டெஸ்ட்டும் நார்மலா வந்த ஒருத்தர் மறுபடி மறுபடி அசதின்னு வந்தா, "என்ன வேலை பார்க்கிறீங்க, எதைத் தெளிச்சீங்க, என்ன மாத்திரை சாப்பிட்டீங்க"ன்னு கேட்டு ஓ.பி. சீட்டுல எழுதி வைங்க. இன்னைக்கு அதுக்கு அர்த்தம் தெரியாம இருக்கலாம். 1942ல பேட்ச் எண் எழுதின கிளார்க்குக்கும் தெரிஞ்சிருக்காது.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. டூட்டி முடிஞ்சு வந்து பதில் போடுறேன். அந்த வீடியோ உங்க குடும்ப குரூப்ல சுத்திச்சுன்னா இதையும் பக்கத்துல போட்டு விடுங்க.